விரிசல் விழுந்த கொதிகலனோடு போருக்குப் போன கப்பல்: 1971இல் ஐ.என்.எஸ். விக்ராந்த்

1971 டிசம்பர் 4ஆம் தேதி முற்பகலில் இந்திய-பாகிஸ்தான் போரில், வங்காள விரிகுடாவில் இருந்த இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து எட்டு சீ ஹாக் போர்விமானங்கள் கிளம்பிப் போய், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜார் விமான நிலையத்தைத் தாக்கின. விக்ராந்த் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரிக் கடைசி வரை அந்தக் கப்பல் பம்பாயில் உலை மூட்டக்கூட அனுமதியில்லாமல் நின்றிருந்தது. அதன் கொதிகலன்களில் விரிசல். மாற்ற உதிரிபாகம் இல்லை. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அப்படிப்பட்ட கப்பலைப் போருக்கு அனுப்பியது சரியா? வெற்றி கிடைத்தபின் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். விக்ராந்தின் போர்க்கதையில் நாம் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் அந்த முடிவில்தான் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்காகத் திட்டமிட்ட கப்பல்

1942இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு விமானந்தாங்கிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. கவசத் தளம் கொண்ட பெரிய கப்பல்களைக் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். அவற்றைக் கட்டத் தெரிந்த கப்பல்தளங்களும் சிலவே. வணிகக் கப்பல்களை அரைகுறையாக மாற்றிய பாதுகாப்பு விமானந்தாங்கிகளோ மெதுவானவை, பெரிய கடற்படையோடு சேர்ந்து ஓட முடியாதவை. இரண்டுக்கும் நடுவே ஒரு வகை வேண்டியிருந்தது. கடற்படையின் சொந்த வடிவமைப்புத் துறை ஏற்கெனவே வேலைச்சுமையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததால், வரைபடப் பொறுப்பு விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்திடம் போனது.

அவர்கள் எடுத்த அடிப்படை முடிவு துணிச்சலானது. கப்பலின் உடற்கட்டு, பிரதான தளம் வரையில், கப்பல்களைத் தரப்படுத்தும் லாயிட்ஸ் நிறுவனத்தின் வணிகக் கப்பல் விதிகளின்படி அமைந்தது. போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத தளத்திலும் அதைக் கட்டலாம். கவசம் கிடையாது. பெரிய பீரங்கி கிடையாது. தற்காப்புக்குச் சிறு விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மட்டும். இயந்திரம் அன்றைய குரூசர் (வேகமான பெரிய போர்க்கப்பல்) ஒன்றின் தொகுப்பில் பாதி: நான்கு கொதிகலன்கள், இரண்டு டர்பைன்கள், 40,000 குதிரைத்திறன், 25 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்). கப்பலின் ஆயுள் மூன்று ஆண்டுகள் அல்லது போர் முடியும் வரை என்று கணக்கிட்டார்கள். அதற்குமேல் அது உழைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மலிவாகக் கட்டினாலும் ஓரிடத்தில் அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை. இயந்திரங்களை ஒரே அறையில் குவிக்காமல் இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கொதிகலன்கள், ஒரு டர்பைன், ஒரு சுழல்தண்டு. முன்பின்னாக, இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஒரே டார்பிடோ இரண்டையும் செயலிழக்கச் செய்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஒரு பகுதி செத்தாலும் மறுபகுதியை வைத்து நகர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலோடு பிறந்தது.

பதினாறு கப்பல்களுக்கு உத்தரவு போனது. முதல் பத்து கொலோசஸ் வகை. பின்வந்த ஆறும் கனமான விமானங்களைத் தாங்கும்படி வலுப்படுத்திய மெஜஸ்டிக் வகை. கொலோசஸ் வகையின் முதல் நான்கு கப்பல்கள் 1945இல் பசிபிக்கை எட்டியபோது சண்டை ஓய்ந்துகொண்டிருந்தது. மெஜஸ்டிக் வகையில் ஒன்றுகூடப் போருக்குள் முடியவில்லை. அவற்றில் ஒன்றான ஹெர்குலிஸ், டைன் நதிக்கரையில் 1943இல் அடித்தளமிடப்பட்டு, 1945 செப்டம்பர் 22ஆம் தேதி நீரில் இறக்கப்பட்டது. ஜப்பான் சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு வேலையை நிறுத்தி, முக்கால்வாசி முடிந்த நிலையில் ஸ்காட்லாந்தில் ஒரு கழியில் கட்டிப்போட்டார்கள்.

1957இல் இந்தியா அதை வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் வேலை முடிந்தது. காலதாமதம் ஒருவகையில் நன்மையாக முடிந்தது; இடைப்பட்ட ஆண்டுகளில் வந்திருந்த இறங்கும் பாதையைச் சாய்வாக அமைத்த கோணத் தளம், விமானத்தை நீராவியின் விசையால் முன்னே எறியும் கேட்டபுல்ட், இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடி ஆகிய மூன்றும் அதில் ஏறின. இவை இல்லாமல் ஜெட் விமானத்தை இவ்வளவு சிறிய தளத்தில் இயக்குவது பெரும் ஆபத்து. 1961 மார்ச் 4ஆம் தேதி விஜயலட்சுமி பண்டிட் முன்னிலையில் அது ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆனது. நீளம் 213 மீட்டர், முழுச் சுமையோடு எடை 19,500 டன். நவம்பர் 3ஆம் தேதி பம்பாய் வந்தபோது நேரு நேரில் வரவேற்றார்.

1965இன் வடு

1965 போரின்போது விக்ராந்த் பம்பாயில் உலர்துறையில் பழுதுபார்ப்பில் இருந்தது. அதை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் அறிவித்ததும், மூழ்காத கப்பல் கடலுக்கே போகவில்லை என்பதும் கடற்படைக்குள் நீண்டகாலம் உறுத்திக்கொண்டிருந்தன. இந்த உறுத்தல் 1971 முடிவில் பெரும் பங்கு வகித்தது. மேற்குக் கடற்படையணியின் செயல்பாட்டு அதிகாரியாக இருந்த கேப்டன் ஹிரானந்தானியிடம் கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா கருத்துக் கேட்டபோது, அவர் 1965ஐத்தான் நினைவூட்டினார். இம்முறையும் துறைமுகத்திலேயே நின்றால் கப்பலை வெள்ளை யானை என்பார்கள், கடற்படை விமானப் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள், ஒரு விமானம் பறக்காவிட்டாலும் கப்பல் கடலில் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய வாதம்.

ஒரு படைக்கு இந்த உணர்வு புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் தன்மானம் ஒன்றையே காரணமாக வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளைப் பழுதான கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. அந்த வாதம் செல்லுபடியாக வேண்டுமானால் வேறு கணக்குகளும் பொருந்தி வர வேண்டும்.

கொதிகலன் அறை

விக்ராந்தின் கொதிகலன் ஒவ்வொன்றும் மூன்று உருளைகள் கொண்டது. மேலே நீராவி உருளை ஒன்று, கீழே இருபுறமும் நீர் உருளை இரண்டு. இவற்றை நூற்றுக்கணக்கான குழாய்கள் இணைக்கும். நடுவே எண்ணெய் எரியும். ஒவ்வொரு முறை உலை மூட்டும்போதும் உலோகம் விரியும், அணைக்கும்போது சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கிய உலோகம் ஒருநாள் களைத்துப்போகும். 1970 ஜூனில் பம்பாய் கடற்படைத் தளத்தில் பார்த்தபோது நீர் உருளைகளில் களைப்பு விரிசல்கள் தெரிந்தன. பற்றவைப்பால் சரிசெய்ய முடியாத வகை. புதிய உருளைகளை உள்நாட்டில் வாங்க வழியில்லை. பிரிட்டனுக்கு ஆர்டர் போனது. அவை வரும்வரை கொதிகலன்களைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

இங்கே இன்னொரு செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. விக்ராந்தின் உடன்பிறப்பான லெவியாத்தன் கடைசிவரை கட்டி முடிக்கப்படவே இல்லை. அதன் கொதிகலன்களைக் கழற்றி 1960களின் நடுவில் நெதர்லாந்தின் கரெல் டோர்மன் விமானந்தாங்கியில் பொருத்தினார்கள். லெவியாத்தனின் கூடு 1968இல் உடைக்கப்பட்டது. மூன்றாண்டு ஆயுளுக்குக் கட்டிய கப்பல் இனத்துக்குக் கால் நூற்றாண்டு கழித்து உதிரிபாகம் எங்கே தேடுவது?

பிரிட்டனிலிருந்து உருளைகள் வரவில்லை, கிழக்கே போர்மேகம் திரண்டது. 1971 பிப்ரவரி 26ஆம் தேதி, பழைய உருளைகளோடே கப்பலைத் துறையிலிருந்து நகர்த்தினார்கள். மார்ச் 1ஆம் தேதி குறைந்த அழுத்தத்தில் உலை மூட்டினார்கள். அதே மாதம் 18ஆம் தேதி முதல் கடலோட்டம். இந்தச் சோதனைகளிலிருந்து வரம்புகள் எழுந்தன: கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு, கப்பலை உந்தும் திருகு முன்னோக்கி நிமிடத்துக்கு 120 சுற்று, வேகம் 14 நாட்.

ஜூனில் ஆழ்கடல் சோதனை. இயங்கக்கூடிய மூன்று கொதிகலன்களைச் சுற்றி எஃகுப் பட்டைகளை இறுகக் கட்டினார்கள். நீராவி கசிகிறதா என்று கண்காணிக்க ஜன்னல்கள் பொருத்தினார்கள். அழுத்தத்தில் இருக்கும் நீராவி கசிந்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. எதிரே நிற்பவரின் தசையை எலும்புவரை வேகவைத்துவிடும். உருளை பிளந்தால் அந்த அறையில் யாரும் மிஞ்சமாட்டார்கள். விமானிகளின் பெயர்களை நாம் அறிவோம். அவர்கள் புகழுக்கு முழுத் தகுதியுள்ளவர்கள். ஆனால் போர் நாட்கள் முழுவதும், விரிசல் இருக்கிறது என்று தெரிந்தே அந்தப் பட்டை கட்டிய உருளைகளுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த இயந்திர அறைக்காரர்களைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? இது எனக்கு உண்மையான மனக்குறை.

இரண்டு தொகுதிகளாகப் பிரித்த அந்த 1942 வரைபடம் இங்கே கைகொடுத்தது. டார்பிடோவுக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, வயதான உலோகத்துக்கு உதவியது. மூன்று கொதிகலன்களை வைத்து இரண்டு தண்டுகளையும் சுழற்ற முடிந்தது.

வேகம் குறைந்தால் விமானத்துக்கு என்ன?

விமானந்தாங்கிக்கு வேகம் ஓடித் தப்பிப்பதற்கு மட்டுமானதல்ல. தளத்தின்மீது வீசும் காற்றே அதன் உண்மையான மூலதனம். கப்பல் 25 நாட் வேகத்தில், எதிரே 10 நாட் காற்றை நோக்கி ஓடினால், தளத்தில் 35 நாட் காற்று வீசும். கேட்டபுல்ட் தள்ளும் தள்ளலோடு இது சேர்ந்துதான் விமானத்தைத் தூக்குகிறது. கப்பல் 14 நாட் ஓடினால் அதே காற்றில் 24தான் கிடைக்கும். அந்த 11 நாட் இழப்பை எங்காவது ஈடுகட்ட வேண்டும். குண்டைக் குறைக்கலாம், எரிபொருளைக் குறைக்கலாம், அல்லது காற்று வரும்வரை காத்திருக்கலாம். இறங்கும்போதும் இதே நெருக்கடி: தளத்துக்கும் விமானத்துக்கும் உள்ள வேக வித்தியாசம் கூடக்கூட, பிடித்து நிறுத்தும் கம்பிகளின்மீது விழும் இழுவை கூடும்.

கேட்டபுல்டுக்கு வேண்டிய நீராவியும் அதே கொதிகலன்களிலிருந்தே வர வேண்டும். விக்ராந்தில் இருந்தது ஒரே ஒரு கேட்டபுல்ட். ஆக, அழுத்தத்தைக் குறைத்த முடிவு, கப்பலை ஓட்டும் தண்டையும் விமானத்தை எறியும் பொறியையும் ஒருசேரத் தொட்டது.

இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிந்ததற்குச் சீ ஹாக்கும் ஒரு காரணம். அது 1940களின் வடிவமைப்பு, ஒலியின் வேகத்தைத் தாண்டாதது, அளவில் சிறியது. ஒரு நவீன போர்விமானத்தோடு மோதவிட்டால் தாங்காது. ஆனால் குறைந்த காற்றிலும் ஏவ முடியும். நான்கு 20 மி.மீ. பீரங்கிகளும் குண்டுகளும் ராக்கெட்டுகளும் சுமக்கும். அதன் விமானிகளுக்கு அது அத்துப்படி.

எந்தக் கடல்?

என் கணிப்பில், 1971 முடிவின் சாரம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. அரபிக் கடலில் பாகிஸ்தானின் மூன்று டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் இருந்தன. பிரான்ஸில் கட்டிய புத்தம்புதுக் கலங்கள். அவற்றில் ஒன்றான ஹாங்கோர் டிசம்பர் 9ஆம் தேதி இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 14 நாட் ஓடும் விமானந்தாங்கியை அந்தக் கடலில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. கராச்சியிலிருந்து விமானத் தாக்குதலும் வரும்.

கிழக்கே நிலைமை வேறு. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தது டாக்காவில் சேபர் போர்விமானங்களின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு). கடலில் சில பீரங்கிப் படகுகள். இலங்கையைச் சுற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து வங்கக் கடல்வரை வந்து வேட்டையாடும் தொலைவு கொண்ட நீர்மூழ்கி பாகிஸ்தானிடம் ஒன்றுதான்: காஸி. அமெரிக்கா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய டையப்லோ, 1964இல் குத்தகைக்கு வந்து காஸி ஆனது. ஆக, விக்ராந்தைக் கிழக்கே அனுப்பினால் எதிரி ஒரே ஒரு கப்பல். அந்த ஒன்றை ஏமாற்ற வேண்டும்.

ஜூலை 23ஆம் தேதி பம்பாயை விட்ட விக்ராந்த், கொச்சி வழியாக, பிரம்மபுத்ரா, பியாஸ் என்ற இரு ஃபிரிகேட்டுகளின் (துணைப் போர்க்கப்பல்கள்) துணையோடு சென்னைக்கு வந்தது. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமை அப்போது நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணனிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இளம் அதிகாரியாகவே பதக்கம் பெற்றவர். சென்னைத் துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கப்பலை ஒளிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். நவம்பர் நடுவில் விக்ராந்தும் துணைக்கப்பல்களும் சத்தமில்லாமல் கிளம்பி, போர்ட் எக்ஸ்-ரே என்று சங்கேதப் பெயரிட்ட அந்தமான் ஒதுக்கிடம் ஒன்றுக்குப் போயின.

கப்பல் போன பிறகும் அது இருப்பதாகக் காட்ட வேண்டுமே. ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, ஒரு விமானந்தாங்கி அனுப்பக்கூடிய அளவுக்கு வானொலிச் செய்திகளை அனுப்ப வைத்தார் கிருஷ்ணன். விசாகப்பட்டினத்துக் கடைக்காரர்களிடம் விக்ராந்தின் பெரும் கூட்டத்துக்கு வேண்டிய அளவில் இறைச்சியும் காய்கறியும் சொல்லி வைத்தார்கள். சந்தையில் பேச்சு பரவட்டும் என்று. விக்ராந்த் மாலுமி ஒருவர், உடல்நலம் மோசமான தன் தாயைப் பற்றி விசாரிப்பதாக ஒரு சொந்தத் தந்தி, சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாகப் போனது. இந்தத் தந்தி எனக்கு மிகவும் நுட்பமாகப் படுகிறது. இராணுவச் செய்தியைச் சந்தேகிக்கும் எதிரி, தாயைப் பற்றிய கவலையைச் சந்தேகிக்கமாட்டான்.

நவம்பர் 14ஆம் தேதி கராச்சியை விட்ட காஸி, 23ஆம் தேதி வாக்கில் சென்னைக்கு அப்பால் தேடியது. விக்ராந்த் கிளம்பிப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. அங்கே கிடைக்காததால் காஸி வடக்கே விசாகப்பட்டினத்துக்கு ஏறியது. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, துறைமுக வாயிலுக்கு வெளியே, அதிலிருந்த அனைவரோடும் மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளே காரணம் என்று இந்தியத் தரப்பும், காஸி விதைத்த கண்ணிகளோ உள்ளே நேர்ந்த வெடிப்போ காரணம் என்று பாகிஸ்தான் தரப்பும் சொல்கின்றன. இந்த ஆய்வுக்கு அந்த விவாதம் அவசியமில்லை. தேடி வந்த வேட்டைக்காரனைத் தவறான துறைமுகத்துக்கு இழுத்தது ஏமாற்று ஏற்பாடு. அதுவே போதும்.

டிசம்பர் 4 முதல்

கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் தலைமையில் விக்ராந்த், கரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் காற்றை எதிர்நோக்கித் திரும்பியது. லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவின் தலைமையில் இருந்த 300ஆம் ஸ்குவாட்ரனின் எட்டு சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்றே சிட்டகாங் துறைமுகத்தின்மீதும் தாக்குதல். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா. இரட்டை வேலைக்கு அலிசே விமானங்கள் இருந்தன: நீர்மூழ்கியைத் தேடுவது, தேவைப்பட்டால் குண்டு வீசுவது. நாட்கணக்கில் தாக்குதல்கள் தொடர்ந்தன. சீ ஹாக் ஒன்றுகூட விழவில்லை.

இதன் பலனைக் குண்டுகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. தரைப்படை மூன்று பக்கமும் நெருக்கியபோது, கடல்வழிதான் கிழக்கில் இருந்த பாகிஸ்தான் படைக்கு மிஞ்சிய ஒரே கதவு. விக்ராந்தும் அதன் துணைக்கப்பல்களும் அந்தக் கதவைச் சாத்தின. உள்ளே ஆயுதம் வரவில்லை, வெளியே படை போகவில்லை. டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் 93,000 பேர் சரணடைந்ததற்குப் பின்னால் இந்த மூடிய கடலும் உண்டு.

நிதானத்தின் பங்கும் அதிர்ஷ்டத்தின் பங்கும்

அதிர்ஷ்டம் இருந்தது. டிசம்பர் 6ஆம் தேதி இந்திய விமானப்படை டாக்காவின் ஓடுதளத்தைக் குழிபறித்ததும் சேபர்கள் தரையிலேயே முடங்கின. விக்ராந்த் ஒரு தீவிரமான வான்தாக்குதலைச் சந்திக்கவே இல்லை. சந்தித்திருந்தால் கவசமில்லாத தளமும் குறைந்த வேகமும் வெளிப்பட்டிருக்கும். முதல் இரண்டு நாட்கள்தான் உண்மையான பரீட்சை. அதைக் கடந்தது விமானப்படையின் உதவியால். இதைச் சொல்லாமல் விட்டால் விக்ராந்துக்கு நாம் கொடுப்பது பொய்ப் புகழ்.

ஆனாலும் மொத்தமும் அதிர்ஷ்டம் என்றால் அதுவும் தவறு. 1942இன் அதே வடிவமைப்பில் பிறந்த இன்னொரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். வெனரபிள் என்று பிறந்து, நெதர்லாந்தில் கரெல் டோர்மன் ஆகி, லெவியாத்தனின் கொதிகலன்களைப் பெற்ற அதே கப்பல் பின்னர் அர்ஜென்டினாவின் வெய்ன்டிசின்கோ தே மாயோ ஆனது. 1982 மே 2ஆம் தேதி விடியலில், ஃபாக்லண்ட் தீவுகளுக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்க அதன் ஸ்கைஹாக் போர்விமானங்கள் குண்டுகளோடு தயாராக இருந்தன. காற்று விழுந்துவிட்டது. அந்தச் சுமையோடு ஏவ முடியவில்லை. அன்றே அர்ஜென்டினாவின் பெல்கிரானோ குரூசரை பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கி மூழ்கடித்தது. விமானந்தாங்கி தாயகத் துறைமுகத்துக்குத் திரும்பியது. போரில் மறுபடி வெளியே வரவில்லை.

இரண்டும் ஒரே குடும்பத்துக் கப்பல்கள், இரண்டுக்கும் இருந்தது ஒரே பலவீனம். அர்ஜென்டினாக் கப்பலின் எதிரே அணுசக்தி நீர்மூழ்கிகள் இருந்தன. காற்றுக்காக ஒரு நாள் காத்திருக்கவும் அவகாசம் இல்லை. விக்ராந்துக்கோ எதிரே இருந்தது ஒரே ஒரு பழைய நீர்மூழ்கி. அதுவும் முதல் விமானம் கிளம்பும் முன்பே இல்லாமல் போனது. காற்று இல்லாத நேரத்தில் விக்ராந்தால் காத்திருக்க முடிந்தது, காற்று உள்ள இடத்தைத் தேடிப் போக முடிந்தது. மெதுவாக இருக்கும் சுதந்திரத்தை அந்தக் கப்பலுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் நந்தாவும் கிருஷ்ணனும். வெள்ளை யானை என்ற அச்சம் கப்பலைத் துறையிலிருந்து கிளப்பியது. எந்தக் கடலுக்கு என்ற தெரிவு அதைக் காப்பாற்றியது. முதல் காரணத்தை மட்டும் வைத்து மேற்கே அனுப்பியிருந்தால் இன்று நாம் எழுதிக்கொண்டிருப்பது வேறொரு ஆய்வாக இருந்திருக்கும்.

போரில் விக்ராந்தின் குழுவுக்கு இரண்டு மகாவீர் சக்கரங்களும் பன்னிரண்டு வீர சக்கரங்களும் கிடைத்தன. மகாவீர் சக்கரங்கள் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் குப்தாவுக்கும். 1979இல் தொடங்கிய பெரும் சீரமைப்பில் கொதிகலன்கள் புதுப்பிக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கென வரைந்த கப்பல் 1997 ஜனவரி 31ஆம் தேதி ஓய்வு பெற்றது, கடற்படையில் சேர்ந்து 36ஆம் ஆண்டு நிறையும் தறுவாயில்.